ஒரே ஒரு பிரதி

பதிவு 1
பிப்ரவரி 9, காலை 7:15
கடல் நிலையம், தேசியப் பொது ஆய்வேட்டுக் களஞ்சியம்

உள்வெப்பம் பதினெட்டு. ஈரப்பதம் சீர். மின்சாரம் சீர். கரைக்குப் போகும் கேபிள் சீர். சாய்வுமானி பூஜ்யம்.

எனக்கு முன்னால் இருந்தவர் நேற்று மாலை மேலே போய்விட்டார். பொறுப்பு ஒப்படைக்கும் தாளில் ‘எல்லாம் நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எல்லாம் நன்று என்று யாராவது எழுதினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். எது நன்று என்று தனித்தனியாக எழுதத் தெரியாதா?

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் ஜெசிந்தா. ஊர் தூத்துக்குடி. ஆவணப் பாதுகாப்புப் பொறியாளர். மன்னார் வளைகுடாவின் அடியில், இரண்டு ரயில் பெட்டிகளை ஒட்டவைத்த அளவுள்ள எஃகுக் கூட்டுக்குள் ஒரு மாதம் தனியாக இருக்கப்போகிறேன். என்னைச் சுற்றி இருப்பவை நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளும். கடல் சும்மா குளிர்விக்கிறது, கரண்டு செலவு குறைவு என்பதால் இங்கே வைத்தார்கள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன்னுடையதைத் தானே வைத்திருந்தது. ஏசி ஓடாத அறையில் ஒரு சர்வர், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி, கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆள் மகப்பேறு விடுப்பில். பொதுக் களஞ்சியம் வந்ததும் எல்லோரும் நிம்மதியாக ஒப்படைத்துவிட்டு, சர்வரையும் அச்சுப் பிரதியையும் எடைக்குப் போட்டார்கள். கடலுக்கடியில் ஒரு பிரதி, வடக்கே பனிமலையைக் குடைந்து இன்னொரு பிரதி. ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்பது ஏற்பாடு.


பதிவு 3
பிப்ரவரி 11, காலை 8:40

உள்வெப்பம், ஈரப்பதம், மின்சாரம் சீர். சாய்வுமானி பூஜ்யம்.

மூன்று நாளாகத் தோசை ஒழுங்காக வரவில்லை. மாவு ஒரே பக்கம் ஓடுகிறது. முதல் நாள் அடுப்பைக் குறை சொன்னேன், இரண்டாம் நாள் மாவைக் குறை சொன்னேன். இன்று அடுப்பைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். மாவு அதே தெற்குச் சுவர்ப் பக்கமே ஓடியது.

ஒரு நூலில் நட்டைக் கட்டி வடக்குச் சுவரோரம் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டேன். சுவர் நேராக இருந்தால் நூல் சுவரை ஒட்டித் தொங்க வேண்டும். கீழ் முனை சுவரைவிட்டு ஒரு விரற்கடை விலகி நிற்கிறது. கூடு சாய்ந்திருக்கிறது. சாய்வுமானி மட்டும் பூஜ்யத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறது.

கரை அறையில் இருப்பவர் மரியதாஸ். எங்கள் ஊர்ப் பையன்தான். எல்லாச் செய்தியும் அவர் கை வழியாகத்தான் போகும், வரும். கேட்டேன். வந்த பதில்:

“யக்கா, இங்க சைபர்னுதான் காட்டுது. கடலுக்குள்ள இருக்கீங்க, லேசா ஆடத்தான செய்யும். வீணா மனசப் போட்டு ஒழட்டாதீங்க. தோசைக்குப் பதிலா இட்லி ஊத்துங்க.”

தோசையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை. பதிவுகளை வாசிக்கிறார் போலிருக்கிறது. வாசிக்கட்டும். மரியதாஸ், வணக்கம்.


பதிவு 4
பிப்ரவரி 12, காலை 11:20

நூல் இரண்டு விரற்கடை. மானி பூஜ்யம்.

இந்தக் கூட்டின் ஆறு கால்களும் எந்த நம்பிக்கையில் கடலடியில் ஊன்றப்பட்டன என்று பார்க்க உட்கார்ந்தேன். கட்டுமான அறிக்கை ஓர் ஆய்வேட்டைச் சான்று காட்டுகிறது: இந்த இடத்துக் கடலடி மண்ணின் உறுதி பற்றி, முப்பது வருடத்துக்கு முன் முனைவர் அம்பலவாணன் செய்தது. இன்று அவர்தான் பொதுக் களஞ்சியத்தின் இயக்குநர். அதில் தப்பொன்றும் இல்லை. மண்ணை அளந்தவரே மாளிகை கட்டுவது முறைதானே என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆய்வேட்டைத் திறந்தேன். எல்லாப் பக்கமும் உடனே வந்தது. மண் அட்டவணை மட்டும் ஒரு நொடி தயங்கி வந்தது. அந்தத் தயக்கத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும். களஞ்சியத்தில் ‘ஒருமை’ என்று ஒரு மென்பொருள் ஓடுகிறது. ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் பழையதை வைத்துக்கொண்டு, புதியதை அழித்து, அந்த இடத்தில் பழையதைக் காட்டும் ஓர் அம்புக்குறி போடும். நம் ஆய்வாளர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிற அழகுக்கு, ஒருமை வந்த பிறகு களஞ்சியம் பாதியாகச் சுருங்கிவிட்டது. விருதுகூடக் கொடுத்தார்கள்.

அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு போனேன். அட்டவணையின் சொந்த வீடு வேறோர் ஆய்வேடு. அம்பலவாணனுக்கு ஆறு வருடம் முந்தியது. வேறொரு கரை, வேறொரு கடல். அங்கே அடியில் பாறை. ஒவ்வொரு எண்ணும், தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது உட்பட, அப்படியே இங்கே.

அந்தப் பாறையை நம்பித்தான் இங்கே கால் ஊன்றியிருக்கிறார்கள். எனக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததே இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதே அட்டவணையை மூன்றாவதாக ஒருவரும் எடுத்திருக்கிறார். அம்பலவாணனிடம் ஆய்வு செய்த மாணவி, யசோதா. கைடு கொடுத்த அட்டவணையை மாணவி அப்படியே வாங்கிக்கொள்வது நம் வழக்கம்தான். சீதனம் மாதிரி. இந்த யசோதாதான் இப்போது மலை நிலையத்தின் பொறுப்பாளர். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. மரியதாஸ், இந்தப் பதிவுகளை இப்போதே பூட்டிவிட்டேன். வீணாக முயல வேண்டாம்.


பதிவு 5
பிப்ரவரி 13, காலை 10:05

நூல் மூன்று விரற்கடை.

ஒருமை தப்பான அம்புக்குறி போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. மென்பொருளைக் குற்றவாளி ஆக்கிவிட்டு மனிதரை விட்டுவிடக் கூடாது, மனிதரைக் குற்றவாளி ஆக்கிவிட்டு மென்பொருளையும் விட்டுவிடக் கூடாது. மலை நிலையத்துப் பிரதியில் அட்டவணை எப்படி இருக்கிறது என்று யசோதாவிடம் கேட்டேன். காரணம் சொல்லவில்லை. பதில்:

“ஜெசிந்தாக்கா, பாத்தேனுங்க. எங்கிட்ட அந்த அட்டவணையே இல்லீங்க. அம்புக்குறிதான் இருக்குது, கடல் நிலையத்தப் பாருன்னு காட்டுது. அப்பறம் சந்தேகத்துல வேற பத்து ஆய்வேட்டத் தொறந்து பாத்தேன். எல்லாமே அப்படித்தானுங்க. இங்க இருக்குதுன்னு நான் நெனச்சுட்டு இருந்தது பூராவும் அம்புக்குறிதானுங்க்கா.”

ஒருமையின் செயல்பதிவைத் திறந்து பார்த்தேன்.

ஒருமை தன் வேலையைச் செய்திருக்கிறது. இரண்டு நிலையங்களிலும் ஒரே விஷயம் இருப்பதைப் பார்த்தது. அது காப்புப் பிரதி என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காப்பி என்றே எடுத்துக்கொண்டது. பழையதை வைத்துக்கொண்டு புதியதை அழித்தது. கடல் நிலையம் தேர்தல் அறிவிப்புக்கு முன் அவசரமாகத் திறக்கப்பட்டது. உள்ளே ஓர் இயந்திரம்கூட வராத நிலையில் ரிப்பன் வெட்டினார்கள். பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அந்தத் திறப்பு விழாத் தேதியையே போட்டார்கள், கணக்கு இடிக்கக் கூடாதே என்று. அதனால் ஒருமையின் பார்வையில் கடல் நிலையத்தில் இருப்பதுதான் எப்போதும் பழையது.

மூன்று விரற்கடை சாய்ந்த இந்தக் கூட்டில் இருப்பதுதான் நாட்டிலேயே ஒரே ஒரு பிரதி.


பதிவு 6
பிப்ரவரி 14, பிற்பகல் 2:30

நூல் ஐந்து விரற்கடை. தெற்குச் சுவரோரம் இரவோடு இரவாகக் கால் நனையும் அளவு நீர். எங்கிருந்து கசிகிறது என்று தெரியவில்லை. பம்பு ஓடுகிறது.

இயக்குநருக்கு நேற்றே எழுதினேன். அட்டவணையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கூடு சாய்கிறது, ஒருமையை நிறுத்துங்கள், எல்லாவற்றையும் மலைக்கு நகல் எடுக்க வேண்டும் என்று மட்டும். பதில் குரலாகவே வந்தது:

“ஜெசிந்தா மேடம், ஒருமையை நிறுத்த எனக்குத் தனியா அதிகாரம் இல்ல. குழு கூடணும். இருபத்திரெண்டாம் தேதி வச்சிருக்கோம். அதுவரைக்கும் நீங்க எதையும் தொட வேண்டாம். பொருள் போனா போகட்டும், உயிர்தான் முக்கியம். நாளைக்கே மேல வந்துடுங்க. என்னைய ஒரு அண்ணனா நெனச்சுக்கங்க.”

இவரிடம் வேலை பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து என் பெயரைக்கூடச் சரியாகச் சொன்னதில்லை. இன்றைக்கு அண்ணன். நான் மேலே போனால், ஆளில்லாத நிலையத்துக்கு மின்சாரம் எதற்கு என்று கரையிலிருந்து நிறுத்துவார்கள். பம்பு நிற்கும். கூடு தன்னால் புதையும். அட்டவணையும் அதோடு புதையும். இயற்கைச் சீற்றம் என்று ஓர் அறிக்கை, இரங்கல் கூட்டம், மாலை.

குழுவுக்குக் காத்திருக்க முடியாது என்று நானே ஒரு சோதனை செய்தேன். என் சொந்த ஆய்வேட்டை மலைக்கு அனுப்பினேன். காகிதத்தில் வளரும் பூஞ்சையைப் பற்றியது. ஏழு வருட உழைப்பு, வாசித்தவர்கள் என் கைடும் தேர்வாளரும், அவர்களும் முழுக்க வாசித்தார்களா என்று சந்தேகம். போனாலும் நாட்டுக்கு நஷ்டமில்லை என்றுதான் அதைத் தேர்ந்தேன். “வந்துருச்சுங்க்கா” என்றார் யசோதா. இங்கே இருந்ததை அழித்தேன்.

பிறகு மலையில் திறக்கச் சொன்னேன். அங்கே அம்புக்குறிதான் இருந்தது. நான் அழிப்பதற்கு முன்பே ஒருமை அங்கே ஒரு சுற்று வந்து, இது ஏற்கெனவே கடலில் இருக்கிறதே என்று அழித்துவிட்டுப் போயிருக்கிறது.

நாட்டுக்கு நஷ்டமில்லைதான். ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெகுநேரம் அழுதேன். வந்துவிட்டது என்று அவர் சொன்னதை நம்பியதற்குக் கிடைத்த கூலி இது.


பதிவு 7
பிப்ரவரி 15, காலை 9:10

நூல் ஏழு விரற்கடை. நாற்காலியைக் கயிற்றால் மேசையோடு கட்டியிருக்கிறேன்.

இன்று யசோதாவிடமிருந்து ஒரு யோசனை. முழுவதையும் எழுதிவைக்கிறேன்:

“அக்கா, நேத்து முழுக்க யோசிச்சேனுங்க. ஒருமை எங்க வட்டு அலமாரிக்குள்ள வரணும்னா அது லைன்ல இருக்கோணும். நீங்க அனுப்ப அனுப்ப, ஒரு அலமாரி ரொம்புனதும், ஒருமை சுத்தி வரதுக்குள்ள நான் உடனே லைனப் புடுங்கிடறேன். அது தொட முடியாது. ஆனா பட்டியல்ல கடல்ல இருக்குதுன்னு இருக்கற வரைக்கும், நான் எப்பத் திருப்பிச் செருகுனாலும் அழிச்சுப்போடும். கூடு முழுகிப் போனாலும் பட்டியல் மாறாதுங்க. அதனால எல்லாம் இங்க வந்தப்பறம், நீங்க அங்க உங்க கையால முறைப்படி அழிச்சுடோணும். வேற வழி எனக்குத் தெரியலீங்க்கா.”

மூன்று முறை படித்தேன். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

லைனைப் பிடுங்கிய அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்று நான் இங்கிருந்து பார்க்க முடியாது. ஒன்றே ஒன்றைச் சோதிக்கலாம் என்றாலும் அலமாரி முழுவதையும் திரும்பச் செருக வேண்டும், செருகினால் ஒருமை எல்லாவற்றையும் தின்றுவிடும். ஆக என்னிடம் இருக்கப்போவது யசோதாவின் வார்த்தை ஒன்றுதான். அந்த வார்த்தையை நம்பி, நாட்டின் ஒரே பிரதியை, அழிக்க அதிகாரமுள்ள ஒரே கட்டைவிரலால், அதாவது என் கட்டைவிரலால், நான் அழிக்க வேண்டும். கடல் தற்செயலாகச் செய்வதற்கு முன்பே நான் கையெழுத்துப் போட்டுச் செய்துகொடுப்பேன். அம்பலவாணனே உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிடக் கச்சிதமாக அமையாது.

அவர் யோசித்ததாகவே இருந்தால்? யசோதா அவருடைய முதல் மாணவி. அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி விசாரித்தவர். கைடு குதி என்றால் எவ்வளவு ஆழம் என்று கேட்பவர்கள் இவர்கள். அதைவிட முக்கியம், அந்த அட்டவணை வெளியே வந்தால் கைடின் பட்டத்தோடு மாணவியின் பட்டமும் போகும்.

இருந்தாலும் அனுப்ப ஆரம்பித்துவிட்டேன். அனுப்புவதில் நஷ்டமில்லை. அழிப்பதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். முதலில் அனுப்பியது ஒரு சின்ன ஊரின் குழந்தைகள் ரத்தத்தில் ஈயம் ஏறியதைப் பற்றிய ஆய்வேடு. அந்த ஊர்த் தாய்மார்கள் போட்ட வழக்கு இப்போது நீதிமன்றத்தில் இருக்கிறது. தொழிற்சாலையை அசைக்கிற ஒரே சான்று அது. சான்றிட்ட நகல் கேட்டு வக்கீல் போன வாரம்தான் எழுதியிருந்தார்.


பதிவு 8
பிப்ரவரி 16, மாலை 4:45

நூல் ஒரு சாண். மேலே போகும் கூண்டின் தண்டவாளம் இதற்கு மேல் சாய்ந்தால் பிடித்துக்கொள்ளும். காலையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். பாதி வழியில் அலறியது. திரும்ப இறக்கிவிட்டேன். நீர் முழங்கால் வரை.

அனுப்புவது முடியும் தறுவாயில் இருக்கிறது. யசோதா ஒவ்வொரு அலமாரிக்கும் செய்தி அனுப்புகிறார்: “ரொம்பிருச்சு, புடுங்கிட்டேனுங்க்கா.” ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கலாம். ஒவ்வொன்றும் பொய்யாகவும் இருக்கலாம். அங்கே அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு டீ குடித்தபடியே இதைத் தட்டச்சலாம்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டேன். எனக்கு விடை தெரிந்த கேள்வி. அம்பலவாணனின் மண் அட்டவணை திருடியது என்று மட்டும் சொல்லி, வேறு யாராவது அதைப் பயன்படுத்தியிருப்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றால் அவர் இயக்குநரின் ஆள். அழிக்க மாட்டேன், கூட்டோடு மூழ்கட்டும், அந்தப் பழியாவது என் கையில் வேண்டாம்.

பதில் குரலாக வந்தது. அழுதிருக்கிறார் என்று தெரிந்தது:

“என்னோடதுலயும் இருக்குதுங்க்கா. அது எங்கயோ எடுத்ததுன்னு எனக்கு அப்பவே தெரியும். சார் ஆய்வு பண்ணுன வருசம் மண்ணெடுக்கப் படகே போகலீங்க. சார் குடுத்தாரு, நானும் வாங்கிப் போட்டுட்டேன். நீங்க அனுப்புனதுல சாரோடதும் இருக்குது, என்னோடதும் இருக்குது. ரெண்டும் எந்த அலமாரில இருக்குதுன்னு எழுதி ஒட்டியிருக்கேன். நீங்க மேல வந்ததும் எடுத்துக் குடுத்துடறேன். அழிச்சுட்டு சீக்கிரம் கிளம்புங்க்கா. எனக்குப் பயமா இருக்குதுங்க.”

நான் சந்தேகப்பட்டது வீண் என்று இப்போது எழுத வேண்டும். எழுத மனம் வரவில்லை. இப்படிச் சொன்னால் ஜெசிந்தா நம்புவாள் என்று தெரிந்தவர்களும் இப்படித்தான் சொல்வார்கள்.

நான் எப்போதும் இப்படியே இருந்துவிட்டேன். கட்டிக்கொள்ளக் கேட்டவனிடம்கூட மூன்று அத்தாட்சி கேட்டேன். இரண்டோடு போய்விட்டான்.


பதிவு 9
பிப்ரவரி 17, காலை 6:20

இடுப்பு வரை நீர். பம்பு நின்றுவிட்டது. நூலைப் பார்க்கப் போகவில்லை.

மரியதாஸிடமிருந்து:

“யக்கா, சார் சொல்லித்தான் தெனமும் மானிய சைபருக்குத் திருப்பி வச்சேன். காரணம் கேக்கல, தப்புதான். நீங்க நூலு கட்டுனத சார்ட்ட சொன்னதும் நான்தான். ஆனா நீங்களும் அந்த மல அக்காவும் பேசிக்கிட்டத ஒரு வார்த்த சொல்லல. கரண்ட நிறுத்தச் சொல்லுதாரு, நான் நிறுத்தல. கேபிள் இன்னும் கொஞ்ச நேரந்தான் தாங்கும். சங்கு எடுக்க முங்குதவங்க நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் படகுல வாரேன். மேல் கதவுகிட்ட வந்து நில்லுங்க.”

இவரையும் நம்ப வேண்டியிருக்கிறது. ஒரே வாரத்தில் இரண்டு பேர். எனக்கு இது அதிகம்.

அழிக்க ஆரம்பித்தேன். ஒவ்வோர் அலமாரிக்கும் கட்டைவிரல் வைக்க வேண்டும். ‘உறுதியாகவா?’ என்று கேட்கிறது. ஆம். ‘வேறு பிரதி இல்லை. உறுதியாகவா?’ ஆம். வேறு பிரதி இல்லை என்று அது சொல்லும் ஒவ்வொரு முறையும் விரலை ஒரு தரம் துடைத்துவிட்டு வைக்கிறேன். ஈயம் ஏறிய குழந்தைகளின் அலமாரி வந்தபோது விரலை எடுத்துவிட்டேன். அந்தத் தாய்மார்களை நினைத்தேன். பிறகு யசோதாவின் குரலை நினைத்தேன். வைத்தேன்.

முடிந்தது. விளக்கு எரிகிறது. சுற்றிலும் அலமாரிகள் காலி. நாட்டில் யாரும் எதையுமே ஆராய்ந்ததில்லை என்பது போல இருக்கிறது.


பதிவு 10
பிப்ரவரி 17, காலை 7:02

மார்பு வரை. கதவுக்கு அருகில் எம்பி நின்று, திரையைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

மேலே ஏதோ தட்டுகிற சத்தம். மரியதாஸாக இருக்கலாம். கூடு நெரிகிற சத்தமாகவும் இருக்கலாம்.

ஒன்று மிச்சம். இந்தப் பதிவுகளும் ஒருமைக்கு ஓர் ஆவணம்தான். இங்கே இருக்கும்வரை அங்கே இருக்க விடாது. நேற்று வரை எழுதியது ஏற்கெனவே மலைக்குப் போய்விட்டது. இன்று எழுதுவது, வருகிற செய்தி உட்பட, எழுத எழுத அங்கே போய்க்கொண்டிருக்கிறது. யசோதா லைனைப் பிடுங்கியதும் இங்கே இருப்பதை அழிக்க வேண்டும். அழித்தால் நான் இப்படி ஒருத்தி இருந்தேன், இதைப் பார்த்தேன் என்பதற்கு இங்கே ஓர் எழுத்தும் மிஞ்சாது. அங்கே மிஞ்சுமா என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

உங்களுக்குத் தெரியும். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் யசோதா என்னிடம் பொய் சொல்லவில்லை. அவர் பட்டத்தைப் பிடுங்க ஆள் வந்தால், முதலில் இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

படிக்க யாருமே இல்லையென்றால்

“வந்துருச்சுங்க்கா. புடுங்கிட்டே